ஆறு பேர் கடிகாரம்

கடிகாரம் மூன்றாவது முறையாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நல்ல மழை. அண்ணன் அதைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து, மேலே மழைக்கோட்டை மாட்டி, நிறைமாதக்காரி போல அடிமேல் அடி வைத்து வந்தார். பார்சல் வண்டி வெளியே நனைந்துகொண்டிருந்தது.

"கதவைத் திற! சீக்கிரம்!"

"திறந்துதான் கிடக்கு. தள்ளிட்டு வாங்க" என்றாள் அக்கா. தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "வந்துடுச்சா உங்க ஜாடி மூடி?"

"மூடின்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி, தட்டு. சாப்பாடு போட்டுடலாமா அதிலே?"

அண்ணன் தலையைத் துவட்டாமல் முதலில் கடிகாரத்தைத் துடைத்தார். காதோரம் வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஓடுது தம்பி" என்றார். ஏதோ மருத்துவமனையிலிருந்து நல்ல செய்தி வந்தது போல.

கணவன் மனைவியான அவர்களை அண்ணன், அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. அதிலிருந்து காலையும் இரவும் எனக்குக் கீழேதான் சாப்பாடு. அது அக்காவின் உத்தரவு.

அண்ணனுக்குப் பார்சல் கம்பெனியில் வேலை. இரண்டு சக்கர வண்டியை இடது கையால் பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு வாசலாவது ஏறி இறங்குவார். மணி அடிப்பார், பெட்டியை நீட்டுவார், கையெழுத்து வாங்குவார். அக்கா முன்னறையில் துணி தைக்கிறாள். பள்ளிச் சீருடை, அலுவலகச் சட்டை, திரைச்சீலை. இடது கைக்காரி. கத்தரிக்கோலே அதற்காகத் தனியாகச் சொல்லி வாங்கியது. வேறு யார் எடுத்தாலும் துணியை மெல்லும், வெட்டாது.

கடிகாரம் ஒரு சின்ன டம்ளரின் வாய் அகலம் இருக்கும். உள்ளே ஓடும் இயந்திரம் எண்பது வருடத்துக்கு முந்தையது. ரயில் ஓட்டுநர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த சங்கிலிக் கடிகாரத்துடையது. அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. பின்னால் யாரோ ஒரு கைகாரர் அந்த இயந்திரத்துக்கு எஃகில் கூடு செய்து, தோல் பட்டை மாட்டி, கையில் கட்டும்படி மாற்றிவிட்டார். பின்பக்கம் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் ஒரு பித்தளைச் சக்கரம் முன்னும் பின்னும் மூச்சு வாங்கும். பேட்டரி கிடையாது. தினமும் காலையில் மூன்று மணிப் பக்கம் உள்ள திருகைத் திருப்பிச் சாவி கொடுக்க வேண்டும்.

தனி ஒருவரால் வாங்க முடியாத பொருள். எனவே ஆறு பேர் சேர்ந்து வாங்கினார்கள். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஜினியர், பல் டாக்டர், கண்ணாடிக் கடைக்காரர், ஸ்டுடியோக்காரர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், அண்ணன். ஆளுக்கு ஒரு மாதம். முதல் தேதி சரியான நேரம் வைத்துக் கொடுப்பார்கள். பிறகு முள்ளைத் தொடக்கூடாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கையில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் அரை மணிக்கு மேல் பிசகினால் ஒரு தவறு. மூன்று தவறு என்றால் அந்த ஆளின் முறை ரத்து. கடிகாரம் மறுபடி அவர் வீட்டுப் படி ஏறாது.

விதிகள் எல்லாம் இன்ஜினியர் எழுதியவை. ஒரு நீல நோட்டில் இருந்தன.

அண்ணனுக்கு இரண்டு தவறு ஆகிவிட்டது. முதல் முறை நாற்பத்தொரு நிமிடம் பின்தங்கல். அடுத்த முறை முப்பத்தெட்டு. மற்றவர்களும் சுத்தமில்லை. எல்லோர் கையிலும் அது பின்தங்கத்தான் செய்தது, ஆனால் அரை மணிக்குள். கண்ணாடிக் கடைக்காரர்தான் முதலிடம், இருபத்திரண்டு நிமிடம். அவருக்கு ராசியான கை என்று பேச்சு. அண்ணனுக்கு வியர்வை அதிகம், அதனால்தான் என்றும் ஒரு பேச்சு.

"போனா போகட்டுமே. உங்க ரத்தமா அது?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள்.

அண்ணன் ரொட்டியைச் சூப்பில் நனைத்தபடி யோசித்தார். "நூறு வீட்டுக்குப் போறேன். நூறு பேரும் பெட்டியைத்தான் பார்ப்பாங்க. 'எங்கே கையெழுத்து?' அவ்வளவுதான் பேச்சு. இது கையில இருந்தா, 'அட, என்னங்க இது?'ன்னு கேக்கறாங்க. கேட்டுட்டு முகத்தைப் பார்க்கறாங்க. போன தடவை ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உக்காரச் சொன்னார்."

அக்கா அவர் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

இந்த முறை அண்ணன் சாட்சி வேண்டும் என்றார். தினமும் காலை ஏழு மணிக்குக் கடிகாரத்தையும் என் கைபேசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எத்தனை நொடி வித்தியாசம் என்று நான் எழுத வேண்டும். அதுவரை ஏழு மணிக்கு எழுந்திருக்க எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் ஒன்றரை நிமிடம் பின்தங்கல். இரண்டாம் நாள் மூன்று. அண்ணன் வியர்க்காமல் இருக்க மெதுவாக நடந்து பார்த்தார். பார்சல்கள் தாமதமாகி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மணிக்கட்டில் பவுடர் போட்டார். பட்டையை இறுக்கினார். ஒன்பதாம் நாள் பதினான்கு நிமிடம்.

"இப்படியே போனா?" என்றார்.

"நாற்பத்தாறு" என்றேன்.

"ஒரு ஆறுதலுக்காவது கொஞ்சம் குறைச்சுச் சொல்லக் கூடாதா தம்பி?"

பத்தாம் நாள் காலையில் பட்டையைக் கழற்றினால் மணிக்கட்டு முழுக்கக் கொப்புளம். பவுடரும் வியர்வையும் இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. அக்கா களிம்பு தடவித் துணி சுற்றினாள்.

"ஆறுற வரைக்கும் கட்டக் கூடாது."

"கையில இருக்கணும்னு விதி!"

"யார் கையிலன்னு விதி? குடுங்க இப்படி."

இரண்டு திருப்பு திருப்பிச் சாவி கொடுத்தாள். கட்டிக்கொண்டாள். இயந்திரத்தில் உட்கார்ந்து சீருடைக் காலர் ஒன்றை ஊசிக்கு அடியில் தள்ளினாள். "கனமாத்தான் இருக்கு. மாவு பிசைஞ்ச மாதிரி வலிக்கும் போல" என்றாள்.

மறுநாள் கூடுதலாகப் பின்தங்கியது இரண்டே நொடி. நான் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அடுத்த நாளும் இரண்டு. பிறகு மூன்று. ஐந்து நாளில் பத்து நொடிகூட முழுதாகத் தேயவில்லை.

சாதாரண ஆள் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. பதினைந்தாம் நாள் காலையில் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

"உண்மையைச் சொல்லு. முள்ளைத் திருப்பினியா?"

"எதை?"

"தினமும் சாயங்காலம் எனக்குத் தெரியாம ஒன்றரை நிமிஷம் தள்ளி வைக்கிறியா இல்லையா? எனக்காகப் பாவம் பார்த்துச் செய்யறேன்னு நினைச்சா, அதுக்குப் பேர் திருட்டு."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எனக்கு மாடிக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. முட்டை பாதி இருந்தது.

"இத்தனை வருஷத்துல உங்க சட்டைப்பையில கைவிட்டிருப்பேனா நான்? துவைக்கும்போது கிடைச்ச துண்டுக் காகிதத்தைக்கூட எடுத்து மேசையில வச்சவ. உங்க மூடியோட முள்ளை நான் திருப்பறேனா?" பட்டையை அவிழ்த்தாள். "இந்தாங்க. நீங்களே கட்டுங்க. நாளைக்குக் காலையில ஒன்றரை நிமிஷம் பின்னாடி போகலைன்னா நான் திருடி. போச்சுன்னா நீங்க யாருன்னு அப்ப சொல்றேன்."

அண்ணன் கொப்புளத்துக்கு மேலேயே கட்டிக்கொண்டு போனார். அன்று இரவு அவர்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "தம்பி, சூப் போதுமான்னு கேளு." "தம்பி, போதும்னு சொல்லு."

மறுநாள் ஒன்றரை நிமிடம் பின்தங்கியிருந்தது. ஒரு நொடி கூடக் குறையவில்லை.

அக்கா காத்திருந்தாள். அண்ணன் நெடுநேரம் தன் கால் விரல்களைப் பார்த்தார். "கடிகாரத்துக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, என்னைப் பிடிக்கலை. அவ்வளவுதான்" என்றார்.

"மன்னிப்பு கேக்கற லட்சணமா இது?"

"கேட்டாச்சு. அதுக்குள்ளேயே இருக்கு, தேடிப் பாரு."

நான் கடிகாரத்தைப் பட்டையோடு தூக்கிப் பிடித்தேன். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அது பயன்பட்டது இந்த ஒரு முறைதான்.

"அக்கா, நீங்க எந்தக் கையில கட்டினீங்க?"

"வலது கையில. இடது கைதானே எனக்கு வேலைக்கு வேணும்."

சங்கிலியில் கட்டிச் சட்டைப்பையில் போடும் கடிகாரத்துக்குத் திருகு எப்போதும் மேலே நிற்கும். இயந்திரத்தை அப்படி நிற்கத்தான் பழக்கியிருப்பார்கள். இடது கையில் கட்டிக் கையைத் தொங்கவிட்டால் திருகு தரையைப் பார்க்கிறது. அண்ணன் நாள் முழுக்க அந்தக் கையைத் தொங்கவிட்டு வண்டி இழுக்கிறவர். வலது கையில் கட்டினால் திருகு முழங்கைப் பக்கம் வந்து மேலே நிற்கும். கண்ணாடிக் கடைக்காரர் பகல் முழுக்க மேசைமேல் கையைப் படுக்க வைத்து வேலை செய்கிறவர். அவருடைய ராசியும் அதுதான்.

இதைச் சொன்னேன். 

"பாவம்!" என்றாள் அக்கா. "ஒரு வருஷத்துக்கு மேலயா தலைகீழா தொங்கவிட்டிருக்கீங்க அதை? உங்களைத் தொங்கவிட்டா நீங்க சரியா மணி சொல்லுவீங்களா?"

"ஆறு பேர்" என்றார் அண்ணன் மெதுவாக. "கப்பல் இன்ஜினியர் ஒருத்தர். பல் டாக்டர் ஒருத்தர். ஒருத்தருக்கும் கையை மாத்திக் கட்டத் தோணலையே!" அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவும் சிரித்தாள். சிந்திய தேநீர்க் கறையை அப்போதுதான் துடைத்தாள்.

அன்று அண்ணன் வலது கையில் கட்டிக்கொண்டு போனார். ஆறே நொடிதான் பின்தங்கியது. ஆனால் ஒரு வீட்டு இரும்புக் கேட்டில் கூட்டை உரசிவிட்டார். கீறல் அரிசி நீளம்கூட இல்லை. அக்கா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போதும், நீங்க கட்டினது போதும்" என்று வாங்கிக்கொண்டாள். மாதம் முடியும்வரை திருப்பித் தரவில்லை. காலையில் அவளே சாவி கொடுத்தாள். துணி வாங்க வருகிறவர்களுக்கு அவளே பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்க, எப்படி மூச்சு விடுது!" மூடி என்று அவள் சொல்லிக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. 

அண்ணன் எங்களிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். வலது கை விஷயம் இந்த மூன்று பேரைத் தாண்டக் கூடாது. "இனிமே ஒவ்வொரு தடவையும் நான்தான் முதல். அவங்க மண்டையை உடைச்சுக்கட்டும்."

மாதம் முடிந்து ஞாயிறு மதியம் ஐவரும் வந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. முன்னறையில் சீருடைக் குவியலை ஒரு பக்கம் ஒதுக்கி நாற்காலி போட்டோம். அக்கா ஓரத்தில் ஒரு சட்டைக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள், வாயில் நாலைந்து ஊசிகளோடு.

இன்ஜினியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, தன் கைபேசியையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்தார். மறுபடி பார்த்தார்.

"பதினாறு நிமிஷம்."

"என்ன?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"பதினாறு நிமிஷம் பின்தங்கல். இதுவரைக்கும் இதுதான் குறைவு."

டிரைவிங் மாஸ்டர் அண்ணனின் முதுகில் ஓங்கித் தட்டினார். "என்னய்யா பண்ணினே? வியர்க்கறதை நிறுத்திட்டியா?"

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை. "ஒண்ணும் பண்ணலை. அதுக்கு மனுஷங்களைத் தெரியும். பக்குவமா நடந்துக்கணும், அவ்வளவுதான்."

"பக்குவம்னா?" என்று ஸ்டுடியோக்காரர் முன்னால் சாய்ந்தார்.

"அதையெல்லாம் சொல்லித் தர முடியாது. தானா வரணும்."

அடுத்த முறை பல் டாக்டருடையது. அவர் கடிகாரத்தை எடுத்து இடது கையில் கட்டத் தொடங்கினார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் இருமினார். அக்கா ஒரு ஊசியை வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். இரண்டாவதை எடுத்தாள். அண்ணன் இன்னும் பலமாக இருமினார், கண்ணால் ஏதோ காட்டினார். மூன்றாவது. நான்காவது. வாய் காலியானது.

"டாக்டர், அந்தக் கையில வேண்டாம்."

"ஏம்மா?"

"வலது கையில கட்டுங்க. இடது கையில தலைகீழா தொங்குது அது." அண்ணன் பக்கம் திரும்பி, "என்னை முறைக்காதீங்க. அத்தனை நாள் என் கையில இருந்திருக்கு. மறுபடி தலைகீழா தொங்கப் போறதைப் பார்த்துக்கிட்டு என்னால ஊசி குத்த முடியாது" என்றாள்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வலது கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், இடது கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். உடற்பயிற்சி வகுப்பு மாதிரி இருந்தது. இன்ஜினியருக்குக் காது சிவந்துவிட்டது. முப்பது வருடம் கப்பல் இயந்திரம் பார்த்தவர்.

அவர்தான் முதலில் மீண்டார். "உங்க கையில இருந்ததுன்னா என்ன அர்த்தம்மா?"

தினமும் நான் எழுதிய நோட்டு என்னிடம் இருந்தது. கேட்டார், படித்தேன். அண்ணன் பதினொரு நாள். அக்கா பத்தொன்பது நாள்.

"யார் சாவி கொடுத்தது?"

"கட்டினவங்கதான்" என்றாள் அக்கா. "நான் கட்டின நாள் நான்."

இன்ஜினியர் நீல நோட்டைப் புரட்டினார். ஸ்டுடியோக்காரர் ஒரு முறை தன் உதவியாளை விட்டுச் சாவி கொடுத்தபோது சேர்த்த விதி ஒன்று இருந்தது. படித்தார். "மாதத்தில் அதிக நாள் சாவி கொடுத்தவருக்கே அந்த மாதம் உரியது." அண்ணனைப் பார்த்தார். அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "இந்த மாசம் உங்களுது இல்லை. உங்க பதினொரு நாளை மட்டும் முழு மாசத்துக்குக் கணக்கு பண்ணினா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டரை என்றேன்.

"மூணாவது தவறு" என்றார் இன்ஜினியர்.

அண்ணன் கால்மேல் போட்ட காலை இறக்கினார். கொப்புளம் ஆறிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"சரி" என்றார். "விதின்னா விதி. எழுதிக்கோங்க."

"இருங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். முதலிடம் போன வருத்தத்திலும் அவர் நல்ல மனிதர். "இவர் போறார், சரி. பதினாறு நிமிஷம் யாரோடது? சாவி கொடுத்தவங்களுக்கு உரியதுன்னு நீங்கதானே படிச்சீங்க?"

"நம்ம ஆறு பேர்ல ஒருத்தரா இருக்கணும்னு..." இன்ஜினியர் பக்கத்தைத் திருப்பினார். முன்னால் திருப்பினார். அப்படி எங்கும் எழுதவில்லை. ஒரு பெண் கட்டுவாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அப்போ ஆறாவது ஆள் இவங்கதான்" என்றார் டிரைவிங் மாஸ்டர்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள் அக்கா. "நான் தைக்கிறதா, ஊரைச் சுத்தி மணி காட்டிக்கிட்டுத் திரியறதா?" ஒரு ஊசியை எடுத்துத் திரும்பத் துணியில் குத்தினாள். "அடுத்து எப்ப வரும்?"

"ஆறு மாசம் கழிச்சு."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப சீருடை வேலை இருக்காது. வரட்டும்."

"அப்ப நான்?" என்றார் அண்ணன்.

"நீங்க முறைக்காரரோட வீட்டுக்காரர்" என்றார் இன்ஜினியர். "கூட்டத்துக்கு வரலாம். டீ குடிக்கலாம்."

"டீ போடவும் செய்யலாம்" என்றாள் அக்கா. "அடுப்புல தண்ணி வச்சு அரை மணி ஆகுது, எழுந்து பாருங்க."

முதலில் சிரித்தது அண்ணன்தான். பிறகுதான் மற்றவர்கள். என் சத்தமும் அதில் இருந்தது. தண்ணீர் வற்றியிருந்ததால் தேநீர் ஆளுக்கு அரைக் கோப்பைதான் வந்தது.

அவர்கள் கிளம்பினார்கள். பல் டாக்டர் வலது கையை உடம்போடு ஒட்டாமல் தொங்கவிட்டு, நிறைந்த வாளியைத் தூக்கிப் போகிறவர் போல் நடந்தார். அக்கா ஜன்னலிலிருந்து, "சும்மா இயல்பா நடங்க டாக்டர், அது ஒண்ணும் கொட்டிடாது!" என்றாள்.

அண்ணன் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கினார். வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஆறு மாசம் கழிச்சு வருதில்லையா? எனக்கு ஒரு நாள் குடுப்பியா?"

"கேட்டுல உரசினவங்களுக்கா? மனு எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ படிச்சவன். எழுது."

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அனுப்புநர், பார்சல்காரர். பெறுநர், முறைக்காரர். பொருள், ஒரு நாள் கடிகாரம் கட்ட அனுமதி வேண்டுதல். "மதிப்பிற்குரிய அம்மையீர்னு போடு" என்றார் அண்ணன். போட்டேன். "கேட் பக்கமே போகமாட்டேன்னு போடு. உண்மையுள்ளன்னு முடி." முடித்தேன். கையெழுத்தை அவரே போட்டார், நூறு வாசலில் மற்றவர்கள் போடுவதைப் பார்த்துப் பழகிய கை, வேகமாக.

அக்கா முழுவதும் படித்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. பேனாவை இடது கையில் வாங்கி, தாளின் ஓரத்தில் எழுதினாள்: அரை நாள். வலது கையில்.

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"காலையிலயா, சாயங்காலமா?" என்றார்.